மூன்று படிகளுக்குக் கீழே கொடுத்த மனு

சக்கர நாற்காலியில் ஊர் சுற்றுபவர்களுக்காகத்தான் இந்த வலைப்பதிவை எழுதுகிறேன். தஞ்சாவூரில் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். போன ஆடியில் ஒரு ஞாயிறும் திங்களும் திருச்சிக்குப் போனது சாமி கும்பிட அல்ல. என் பழைய பதிவு ஒன்றின் கீழே நர்கீஸ் என்ற கல்லூரி மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "அக்கா, சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் வீல்சேர்ல போக முடியுமான்னு கணக்கெடுக்கறோம். நாங்களே நடந்து பார்த்து எழுதினா பொய்யாப் போயிடும். நீங்க வருவீங்களா?" இந்தக் காரணத்துக்காக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கிளம்பிவிட்டேன்.

ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். காலை 9.10க்குத் திருச்சி ஜங்ஷன். லிஃப்ட் இருக்கிறது. வெளியே நர்கீஸும் அவள் வகுப்பு மணிவேலும் நின்றிருந்தார்கள். நர்கீஸ் மலைக்கோட்டைக்குக் கீழே வளையல் கடை வைத்திருப்பவரின் மகள். மணிவேல் மருங்காபுரியில் மானாவாரி விவசாயம் செய்யும் குடும்பத்துப் பையன். நர்கீஸ் பத்து வார்த்தை பேசினால் ஒன்று பேசுவான். கையில் அளவெடுக்க ஒரு டேப், எழுத ஒரு நோட்டு.

சத்திரம் போகிற ஆட்டோவில் (5 கி.மீ., 120 ரூபாய்; மடக்கிய நாற்காலி பின்சீட்டுக்குப் பின்னால் நிற்கும்) விஷயத்தைச் சொன்னார்கள். அவர்கள் கல்லூரியில் ஒவ்வொருவரும் அறுபது மணி நேரம் பொதுச்சேவை செய்ய வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. சேவை என்றால் பெரும்பாலும் மரக்கன்று, பேனர், ஃபோட்டோ.

"மூணு வருஷமா ஒரே குழியிலதான் அக்கா நடுறாங்க," என்றாள் நர்கீஸ். "சீனியர்ஸ் நட்டது பட்டுப்போச்சு. அதே குழியில நாங்க நட்டோம். அதுவும் போச்சு. ஃபோட்டோ மட்டும் பச்சையா இருக்கு."

அதனால்தான் இவர்கள் இருவரும் இந்தக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சத்திரத்தில் 9.50 முதல் 10.35 வரை ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றோம். பதினொரு பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, இலவசம். ஆனால் அன்று வந்த எல்லாமே உயரப் படி வைத்தவை. முதல் படியே தரையிலிருந்து பதினாறு அங்குலம். ஒரு கண்டக்டர் நல்ல மனதோடு இறங்கி வந்தார். "ரெண்டு பேர் பிடிச்சா தூக்கி வெச்சிரலாம்மா."

"வேண்டாங்க. ஏற முடியுமான்னுதான் பார்க்க வந்தோம்."

அவருக்குப் புரியவில்லை. விசில் அடித்தார், பஸ் போனது. ஏறிய பஸ் என்ற இடத்தில் மணிவேல் பூஜ்யம் எழுதினான். 

மறுபடி ஆட்டோ, 150 ரூபாய். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அறைந்தது. ஆடித் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிகள் அகலமானவை, தெருவின் நடுவே நாற்காலி நன்றாக ஓடும். சிக்கல் ஓரத்தில்தான். கடைகளின் வாசற்படி, மூடாத வாய்க்கால், குறுக்கே நிற்கும் பைக்குகள். நர்கீஸ் டேப் வைத்து அளப்பதைப் பார்த்த காபிக் கடைக்காரர் பதறி வெளியே வந்தார். "எந்த ஆபீஸுங்க? எங்க படி ரோட்டுல இல்லீங்களே?" விஷயம் தெரிந்ததும் உள்ளே போய் ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு நாளில் நான் என் கையால் உருட்டி நுழைந்த ஒரே கடை அதுதான். காபி பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு தடவை குடித்தேன்.

அளந்ததையெல்லாம் அறிக்கையாக எழுதி, மறுநாள் அரசு அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம் என்று நர்கீஸ் தன் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் ஃபோன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அறிக்கை நன்றாக இருக்கிறதாம், கல்லூரி ஃபைலில் வைத்துக்கொள்வாராம். மனுவாக எங்கேயும் கொடுக்கக் கூடாதாம்.

"நாளப்பின்ன நமக்கே அந்த ஆபீஸ்ல வேலை இருக்கும்மா. போனீங்கன்னா இந்த ரெண்டு நாளும் உங்க கணக்குல சேராது."

"சேராட்டிப் பரவாயில்லை சார்," என்றான் மணிவேல், நர்கீஸ் வாய் திறப்பதற்குள்.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். திருச்சியில் ஒரு அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். 10.20க்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மூன்று படி, சரிவுப் பாதை இல்லை. காவலாளி ஓடிவந்தார். "ஆளுங்க இருக்காங்கம்மா, தூக்கிடுவாங்க."

"நான் மேலே வரலைங்க. ஆபீசரைக் கீழே வரச் சொல்லுங்க."

"அதெப்படிங்க? அவர் ஆபீசர்."

"நான் மனு குடுக்க வந்தவ."

மணிவேல் மேலே போய்ச் சொன்னான். மனுவை வாங்கிவந்து நீயே கொடுத்துவிட்டுப் போ என்றார்களாம். "மனு அவங்களோடது சார். நான் குடுத்தா என்னோடது ஆயிடும்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டான். அதன் பிறகு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், அரை மணி நேரத்தில் என் உறுதி ஆடிவிட்டது. தூக்கிக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தோன்றியது. வயதுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை பேர் என்னைத் தூக்கியிருக்கிறார்கள், எங்கெங்கே பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. நாற்காலியின் பிரேக்கை இறுக்கிப் போட்டேன்.

வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மா, ரேஷன் கார்டுக்காக வந்தவர், படியிறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நானும் இங்கயே குடுத்துக்கறேன். எனக்கும் முட்டி வலிதான்." அவரைப் பார்த்து ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். அப்புறம் கைக்குழந்தையோடு ஒரு பெண். பதினோரு மணி தாண்டியபோது வரிசையில் பாதி கீழே இருந்தது.

11.35க்கு அதிகாரி இறங்கி வந்தார். முகம் இறுகியிருந்தது. நின்றபடியே மனுவைப் படித்தார். பஸ் படியின் உயரம், சித்திரை வீதி வாய்க்கால், கடைசியில் அன்று காலை மணிவேல் கையால் சேர்த்த வரி: இந்த அலுவலகத்தின் மூன்று படி.

"காலேஜ்லேர்ந்து அனுப்பிச்சாங்களா?"

"இல்லை சார். போகக் கூடாதுன்னாங்க," என்றாள் நர்கீஸ். "வந்துட்டோம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரையைக் கீழே கொண்டுவரச் சொன்னார். ரேஷன் கார்டு அம்மாவின் மனுவையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் சேவைக் கணக்கில் சேரவில்லை. உரிமையைக் கேட்டு எழுதுவதும் பொதுச்சேவைதான், அதையும் சேருங்கள் என்று நர்கீஸ் முதல்வருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறாள். வகுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இன்னும் பதில் இல்லை. சேவை செய்யச் சொல்லும் கல்லூரிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளைகளை ஊருக்குள் அனுப்பினால் அவர்கள் ஊரைப் பார்ப்பார்கள். பார்த்த பிறகு வாயை மூடு என்றால் எப்படி?

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஸ்ரீரங்கத்தில் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள் (எனக்கு 900 ரூபாய்), பணம் கட்டுமுன் குளியலறைக் கதவின் அகலத்தைக் கேளுங்கள். என் நாற்காலி இருபத்தைந்து அங்குலம், கதவு இருபத்தாறு. வீதிகளில் காலை ஏழு மணிக்கு முன் உருட்டினால் பைக்குகள் இருக்காது. பஸ்ஸை நம்பாமல் ஆட்டோவுக்குப் பணம் ஒதுக்குங்கள். மனு கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மூன்று வாரம் கழித்து மணிவேல் ஒரு படம் அனுப்பினான். அந்த மூன்று படிக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சரிவு போட்டிருந்தார்கள். அந்த உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். போட்டிருப்பது ஆறு அடி. மேலேயிருந்து விட்டால் நாற்காலி நேராக ரோட்டுக்குப் போய்விடும். அடுத்த திங்கட்கிழமையே மூன்று பேரும் மறுபடி போய் அதற்கும் ஒரு மனு கொடுத்தோம். இந்தத் தடவை அதிகாரி கூப்பிடாமலே இறங்கி வந்தார்.