பாட்டு வரும் முன்னே நிறுத்துகிறவர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிறவருக்கு நாள் முழுக்க ஒரே கேள்விதான் வேலை. "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு வாய் அப்படியே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டார். மனைவி வழிச் சொந்தமெல்லாம் சேர்ந்து அவருக்கு 'எதுதெளிவு' என்றே பெயர் வைத்துவிட்டது. முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, தலை மறைந்தால் எதுதெளிவு.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வம்சமே அப்படி. அவருடைய பெரியப்பா, மரக் கதவா இரும்புக் கதவா என்று யோசித்ததில் இரண்டு மழைக்காலம் வாசலில் போர்வைதான் தொங்கியது. அவர் யோசித்து முடிப்பதற்குள் எவனோ உள்ளே வந்து, அதிகம் யோசிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தை மகன் ஒருவர், செருப்புக் கடையில் காலுக்கு ஒரு தினுசாக மாட்டிக்கொண்டு கடை சாத்துகிற வரைக்கும் உலாத்தினவர்.

அந்த வம்சத்தில் வந்து வாழ்க்கைப்பட்டவள் கல்யாணத்துக்கு முன்பு தன் அண்ணனின் பாட்டுக் குழுவில் பாடியவள். இப்போது மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அண்ணன் மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றை ஸ்டூடியோவில் பதிந்தார்கள். பாடியது அவள்தான். அண்ணனுக்குத் தன் கீபோர்டின் மேல் தாளாத ஆசை. அதனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன் கீபோர்டும் டிரம்மும் ஊர்வலம் போல நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். புதுப்பெண்ணாக வந்த நாளில் அதைப் புருஷனிடம் கொடுத்து, "நான் பாடினதுங்க, கேளுங்க" என்றாள்.

"கேக்கறேன். இந்த கம்ப்யூட்டர்ல சத்தம் ஒரே குளறல். நல்ல பிளேயரா ஒண்ணு போட்டுட்டு நிம்மதியா கேக்கலாம்" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், மனிதர்.

கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் வைரஸ் வராது என்று யாரோ சொல்ல, அதைப் போட்டார். வைரஸ் வரவில்லை, அதைவிடப் பெரிய சீக்கு வந்தது. லினக்ஸில் பாட்டுப் போடுகிற பிளேயர்கள் சந்தைக் காய்கறி மாதிரி கொட்டிக் கிடக்கின்றன, அதுவும் இலவசமாக. கேட்கவா வேண்டும்? ஒன்று திரை முழுக்கப் பாட்டுத் தட்டுகளின் அட்டைப் படங்களைப் பரப்பிக் காட்டும். ஒன்றில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான், மவுஸுக்கு அங்கே மரியாதையே கிடையாது. இன்னொன்று இருக்கிற பாட்டையெல்லாம் வாரிப் பாடகர் வாரியாக அடுக்கும். பெயர் எழுதாத பாட்டை 'தெரியாதவர்' என்று கடைசியில் தள்ளிவிடும். அவள் பாட்டும் அங்கேதான் கிடந்தது. தேடச் சிரமமாக இருக்கிறதென்று அவர் அதற்கு 'டெஸ்ட்' என்று பெயரை மாற்றினார். மாற்றினவர், அது யார் பாட்டு என்பதையும் சேர்த்து மறந்தார்.

அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் வரும் டிரம்மில் சத்தத்தின் கனம் நன்றாகத் தெரிகிறதாம். ஆகவே எந்தப் பிளேயர் வந்தாலும் சோதனைக்கு அதுதான். சாயங்காலமானால் புதிதாக ஒன்றை இறக்குவார், டிரம்மைக் கேட்பார், தலையை ஆட்டுவார், நிறுத்துவார், அழிப்பார். அடுப்படியில் நிற்கிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் கை அப்படியே நின்றுவிடும். டிரம் உருண்டு முடியப் போகிறது, இதோ அடுத்தது தன் குரல். டக். அவ்வளவுதான், நிறுத்திவிடுவார். ஒரே ஒரு தடவை அந்த இடத்தைத் தாண்டி அவர் கேட்டால் போதும் அவளுக்கு. ஆனால் வாய்விட்டு இன்னொரு தரம் கேட்கமாட்டாள். அவளுக்கும் ஒரு வீம்பு உண்டு.

கடைசியில் எல்லாவற்றையும் கழித்து இரண்டு பிளேயரில் வந்து நின்றார். தீர்ப்புச் சொல்ல, பக்கத்துத் தெருவிலிருக்கும் அவள் அக்காவையும் அத்தானையும் வரவழைத்தார். அத்தான் லாரி ஆபீஸில் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர். வாய் சும்மா இருக்காது.

"சகலை, பொண்ணு பாக்கக்கூட நீங்க இவ்வளவு தினுசு பாக்கலையே!"

"அண்ணே, விளையாடாதீங்க. இதைக் கேளுங்க." டிரம் ஓடியது. நின்றது. "இப்ப அதைக் கேளுங்க." அதே டிரம். நின்றது. "எது தெளிவு?"

"ரெண்டும் தகரத்தைத் தட்டற மாதிரிதான் இருக்கு. பாட்டைப் போடுங்களேன்."

"பாட்டு வந்துட்டா சத்தத்தை எடை போட முடியாதுண்ணே. அது குறுக்க வந்து கெடுத்துடும்."

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை ரெண்டையும் போடறேன், காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க" என்றார் எதுதெளிவு. டிரம் உருண்டு முடியும் இடம் வந்தது. டக். நிறுத்தினார்.

நின்ற இடத்திலிருந்து அவள் பாட ஆரம்பித்தாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, பிறகு வழிக்கு வந்துவிட்டது.

எதுதெளிவு திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். நிறுத்துகிற பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஸ்பீக்கர் வயரைக்கூடப் பிடுங்கிப் பார்த்தார். குரல் நிற்கவில்லை.

"என்னது, இது நிக்கவே மாட்டேங்குது! அண்ணே, இந்தப் பிளேயர் சரிப்படாது. அழிச்சுட வேண்டியதுதான்."

அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவே அதிசயம். அக்காதான் பேசினாள். "மாப்பிள்ளை, கொஞ்சம் பின்னாடி திரும்புங்க. பாடறது உங்க பொண்டாட்டி."

திரும்பினார். அவள் கடைசி வரி வரைக்கும் பாடித்தான் நிறுத்தினாள். அவர் கையில் இன்னும் அந்த வயர்.

"அட, இது நீ பாடினதா? சொல்லியிருக்கலாமே! இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போயிடலை. குரலுக்குன்னே பிரமாதமா ஒரு பிளேயர் இருக்காம். அதைப் போட்டுட்டு முழுசா கேக்கறேன்."

அவள் அவர் கண் முன்னாலேயே போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். "அண்ணே, குழுவுல பாட ஆள் வேணும்னியே, இன்னும் வேணுமா? வரேன்."

இப்போதெல்லாம் லீவு நாளில் அவள் ஒத்திகைக்குப் போய்விடுகிறாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். சோதிக்கிற பாட்டை மட்டும் மாற்றிவிட்டார். இப்போது மழைச் சத்தம் வைத்திருக்கிறார். அதில் யாரும் வந்து பாடிவிடமாட்டார்கள்.