ஃபுல் ஸ்பீடு என்றால் மெதுவாக

அந்தக் கடைக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

என் கணவர் பட்டு நெய்பவர். அவர் நெய்யும் பார்டர், முந்தி டிசைன்களை நான் கணினியில் போடுவேன். என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினி. வைரஸ் இரண்டு தடவை டிசைன்களைத் தின்று தீர்த்ததும், விலையில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் மென்பொருளுக்கு மாறிவிட்டேன். அதிலிருந்த யுஎஸ்பி ஆமை வேகம். அதனால் பக்கவாட்டில் செருகுகிற யுஎஸ்பி கார்டு ஒன்றை வேலூர்க் கடையில் வாங்கி வந்தேன்.

முதல் வாரம் வேகமாகத்தான் ஓடியது. ஆனால் டிசைன்களை ஏற்றி அனுப்புகிற ஹார்டு டிஸ்க்கைச் சொருகினால் சில நேரம் மடிக்கணினி அப்படியே உறைந்துபோகும். கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து, "சரி பண்ணிட்டேன் மேடம், இனிமே ஹாங் ஆகாது" என்று கொடுத்தார். ஆகவில்லைதான். ஆனால் ஐந்தாறு நிமிடத்தில் ஏறிய ஃபைல்கள் ஏறுவதற்கு இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. போன் செய்து கேட்டேன்.

"லினக்ஸ்னா அப்பிடித்தான் மேடம். ஓசில வர்றது வேற எப்பிடி ஓடும்?"

நம்பினேன். அதுதான் என் மேல் எனக்கு இருக்கிற கோபம்.

அப்போது ஊரில் மின்வெட்டு நேரங்காலம் இல்லாமல் வரும். என் மடிக்கணினியின் பேட்டரி செத்து வருஷமாகியிருந்தது. சென்னை ஜவுளி வியாபாரி ஒருவர் முகூர்த்தப் புடவைகளுக்காக என் டிசைன்களை முழுசாகக் கேட்டார். டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை கரண்ட் போனது. தெருவில் விசைத்தறிச் சத்தம் பட்டென்று நின்றால் என் மடிக்கணினியும் அணைந்திருக்கும். நாலாவது முறை விடுபட்டதை மட்டும் ஏற்றி முடித்ததும், திறந்துகூடப் பார்க்காமல் டிஸ்க்கை அனுப்பினேன். வியாபாரி போனில் பேசினார்.

"பாதிப் படம் தொறக்கவே இல்லம்மா. டிசைன் வேலைய நான் வேற எடத்துல குடுத்துட்டேன், டிஸ்க்க திருப்பி அனுப்புறேன்."

தறியிலிருந்து எழுந்து வந்த கணவர், "ஒரு மாசமா அந்த டப்பாவ கட்டிகினு கெடந்து இன்னா பிரயோஜனம்? ஒரே பேஜாரா கீது" என்றார்.

"டப்பா மேல தப்பு இல்ல. எங்க தப்புன்னு கண்டுபிடிக்காம வுடமாட்டேன்" என்று கத்தினேன். எங்கே என்று எனக்கே தெரியாது.

மடிக்கணினி எழுதி வைக்கும் பதிவுகளை வரி வரியாகப் பார்த்தேன். டிஸ்க்கைச் சொருகும்போதெல்லாம் 'ஃபுல் ஸ்பீடு' என்று ஒரு வரி வந்தது. முழு வேகம்! அப்படியானால் கார்டு சரி, டிஸ்க்தான் கோளாறு என்று ஒரு வாரம் டிஸ்க்கைப் போட்டுப் புரட்டினேன். கடைசியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து லினக்ஸ்காரர்கள் குழு ஒன்றில் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதியிருந்தார்: ஃபுல் ஸ்பீடு என்பது பழைய, மெதுவான வேகத்தின் பெயர். வேகமானதற்குப் பெயர் ஹை ஸ்பீடு. அதை இயக்கத் தனி டிரைவர் மென்பொருள் உண்டு, அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

மெதுவாகப் போவதற்கு முழு வேகம் என்று பெயர் வைத்தவன் யார்? கையில் கிடைத்திருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அந்த டிரைவர் ஓடவில்லை. அதை ஏற்றவே கூடாது என்று ஒரு ஃபைலில் ஒற்றை வரி எழுதியிருந்தது. ஃபைலின் தேதி, மடிக்கணினி வேலூர்க் கடையில் இருந்த நாள்.

வரியை அழித்தேன். வேகம் வந்தது. இரண்டே நிமிடத்தில் மறுபடி உறைந்தது. கார்டு வந்த பெட்டியைக் கவிழ்த்தேன். உள்ளே மெல்லிய ஒயர் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. கார்டின் ஓரத்தில் அதற்கென்று ஒரு துளை. டிஸ்க் இழுக்கிற கரண்ட்டைக் கார்டால் தனியாகக் கொடுக்க முடியாததால்தான் உறைந்திருக்கிறது. ஒயரின் மறுமுனையைப் பழைய யுஎஸ்பியில் சொருகினேன். ஆறு நிமிடத்தில் எல்லா டிசைனும் ஏறியது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் திறந்தன. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் வேலூருக்குப் பஸ் ஏறினேன். கண்ணமங்கலம் தாண்டும்வரை கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

"அந்த வரிய நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா மேடம். ஹாங் ஆகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் ஹாங் ஆச்சா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல? லினக்ஸ் மேல பழி போட்டீங்களே!"

"சொன்னா மட்டும் உங்களுக்குப் புரியுமா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "எனக்குப் புரிஞ்சதாலதான்யா சரியாச்சு! ஒயர் இருக்குன்னு உனக்குத்தான் தெரியல!" 'நீங்க' எப்போது 'நீ'யாக மாறியது என்று எனக்கே தெரியாது. அவர் வேறொரு ஆளின் பில்லை எழுத ஆரம்பித்தார்.

வியாபாரிக்கு டிஸ்க்கை மறுபடி அனுப்பினேன். எல்லாம் திறக்கிறது, நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த முகூர்த்தத்துக்கு ஆகாது என்றார். அந்தப் பருவம் முழுக்க என் கணவர் யாரோ போட்ட டிசைனைத்தான் நெய்தார். அதில் கடைசிப் புடவை முடிந்து தறியிலிருந்து இறங்கும்வரை நான் தறிப் பக்கமே போகவில்லை.