ஜீப்பின் பின் சீட்டு

எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இன்று முகநூலில், பழைய கார் பிரியர்கள் குழுவில் ஒரு படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை முதன்முறையாக முழுதும் படித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

படத்தில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் ஜீப்.

ஒருவர் கேட்டிருந்தார்: "பின் சீட்டு ஒரிஜினல்தானா? தையல் வேற மாதிரி இருக்கே."

நான் மெதுவாக எழுதினேன்: "இல்ல தம்பி. என் சம்சாரத்தைப் பிரசவத்துக்கு அதுலதான் மலையிறங்கி தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி வழியில, ரிங்லெட் ஊரைத் தாண்டுறதுக்குள்ள இறந்துட்டா. ரத்தக் கறை போகலன்னு துரை சீட்டை மாத்திட்டாரு."

உடனே அவருடைய பதில் வந்தது: "அந்தப் பழைய சீட்டு இப்ப எங்க இருக்கு ஐயா? ஒரிஜினல் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்லா."

இதையும் எழுத்துக் கூட்டி முழுதும் படித்தேன். முன்பென்றால் படிக்காமலே லைக் போட்டிருப்பேன்.