இரண்டு பூட்டும் ஒரு பிஸ்கட் டின்னும்

போன வாரம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். பயப்பட வேண்டாம், பிழைத்துவிட்டேன். இல்லாவிட்டால் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கம் இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும்.

வார்டில் ஒரு மருந்து அலமாரி. அலமாரி என்றா சொல்வது? கம்ப்யூட்டர் தலையும் வயிறு நிறைய இழுப்பறைகளும் கொண்ட ஒரு ஜந்து! நர்ஸ் விரலை வைத்து நோயாளியின் பெயரைத் தொட்டால், அவருக்குரிய அறை மட்டும் திறக்கிறது. எடுத்தது எத்தனை, இருப்பு எத்தனை... எல்லாவற்றையும் அதுவே எழுதிக்கொள்கிறது.

எனக்கு வலி. மாத்திரை கேட்டேன். நர்ஸ் விரலை வைத்தாள். ஜந்து மறுத்துவிட்டது. காலையில்தான் என்னை மாடி வார்டிலிருந்து கீழே மாற்றியிருந்தார்கள். அதைப் பொறுத்தவரை நான் இன்னும் மாடியில்தான் படுத்திருக்கிறேன்.

“ஒரு நிமிஷம்லா அங்கிள்... சிஸ்டம்ல உங்கள இன்னும் மாத்தல.”

வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். நான் எப்படிக் கத்துவது? இந்த ஜந்துவின் பாட்டனைப் பெற்றவனே நான்தானே!

எழுபதுகளின் கடைசியில், மலைமேல் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிரஸ்ஸர். தோட்ட ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மீதி ஆறு நாளும் மருந்து, ஊசி, கட்டு எல்லாம் என் ராஜ்ஜியம். ராஜ்ஜியம் என்றால் சட்டம் வேண்டாமா? மூன்று பக்கத்துக்கு நடைமுறை விதிகள் எழுதி, ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

முக்கியமான மருந்துகளுக்கு இரும்பு அலமாரி, இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியிடம். வெளியே எடுத்து ரெஜிஸ்டரில் எழுதிய மருந்து, பயன்படாவிட்டாலும் மறுபடி உள்ளே போகக் கூடாது — தூக்கிப் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிக்கை.

நாலு வருடம் எண்ணிக்கையில் ஒரு மருந்துகூடப் பிசகியதில்லை. தோட்ட மேனேஜர் துரை பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அதற்கும் ஃப்ரேம் போட்டேன்.

பிறகு ஒருநாள் காலை பத்து மணிக்கு லோரி வந்து நின்றது. கங்காணி முருகையாவும் இன்னும் இருவரும் கொழுந்து பறிக்கும் முனியம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தேயிலைச் செடிக்குள் இருந்த குளவிக் கூட்டில் கையை வைத்துவிட்டாள். முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. மூச்சு விசில் அடித்தது.

“டிரஸ்ஸர் ஐயா, சீக்கிரம் பாருங்க! வர்ற வழியிலயே பேச்சு நின்னுபோச்சு!”

வேண்டியது அட்ரினலின் ஊசி. இருப்பது இரும்பு அலமாரிக்குள். என் சாவி என் இடுப்பில். இன்னொரு சாவி? கிராணியின் பாக்கெட்டில். கிராணி? மூக்குக்கண்ணாடி சரிபண்ண ரிங்லெட் டவுனுக்குப் போயிருக்கிறார்! டவுன் ஆஸ்பத்திரிக்கு லோரியில் முக்கால் மணி நேரம். முனியம்மாவிடம் அவ்வளவு நேரம் இல்லை.

“ஒடைச்சிரவா?” என்று கங்காணி பாராங் கத்தியைத் தூக்கினார்.

பூட்டை உடைக்கத் துரையின் கையெழுத்து வேண்டும் — இரண்டாம் பக்கம், கடைசி வரி. வெட்கத்தோடு சொல்கிறேன்... அந்த வரி ஒரு விநாடி என் நினைவுக்கு வந்தது. அப்புறம்தான் “ஒடைங்க!” என்றேன். இரண்டு வெட்டில் பாராங் வளைந்தது. பூட்டு அப்படியே இருந்தது. கெட்டியான பூட்டு. நானே தேர்ந்தெடுத்தது.

அட்டெண்டன் அஞ்சலை என் கையைப் பிடித்தாள்.

“ஐயா, கொஞ்சம் கண்ண மூடிக்கிங்க.”

“எதுக்கு?”

“மூடுங்க ஐயா! சட்டம் பேசுற நேரமா இது?”

மூடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். பெட்பேன் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. உள்ளே பஞ்சில் சுற்றிய அட்ரினலின் இரண்டு.

“டேட்டு இருக்கு, பாத்துட்டேன். போடுங்க.”

போட்டேன். விசில் மெல்லக் குறைந்தது. கால் மணி நேரத்தில் முனியம்மா வாயைத் திறந்தாள். “என் கூடைக் கொழுந்த நெறுத்தாச்சா?”

கங்காணி அழுதுகொண்டே அவளைத் திட்டினார். நான் அஞ்சலையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“இது ஏது?”

“நீங்க தூக்கிப் போடச் சொன்னதுதான். ஒடைக்காத மருந்து... மனசு வரல.”

“வேற என்ன பண்ணிக்கிட்டிருக்கே?”

அவள் தயங்கினாள். “மாசக் கடசீல எண்றப்ப கொறையுமில்ல...”

“கொறஞ்சதே இல்லியே!”

“அஞ்சாறு வாட்டி கொறஞ்சிச்சு. நீங்கதான் எழுத மறந்துருவீங்க. நீங்க எண்றதுக்கு முன்னாடி, அலமாரி தொடைக்கிற சாக்குல நான் எண்ணிப் பாத்து ஒண்ண வச்சிருவேன். பாவம், உங்க ராத்தூக்கம் கெடுமேன்னுதான்.”

சுவரில் இருந்த பாராட்டுக் கடிதத்தைப் பார்த்தேன். அது யாருக்கு வந்த கடிதம்?

கணக்கில் வராத மருந்து கிடைத்தால் துரைக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும் — அதுவும் என் விதிதான். எழுதினால் அஞ்சலைக்கு வேலை போகும். எழுதவில்லை. என் வாழ்க்கையில் நான் முழுசாக மீறிய முதல் விதி.

ஆனால் என் புத்தி எங்கே போகும்? மறுவாரமே அந்த டின்னைச் சட்டபூர்வமாக்கினேன். மூடியில் பட்டியல் ஒட்டினேன். கையெழுத்துக்கு ஒரு நோட்டு. ஆறு மாதம் கழித்து, பாதுகாப்புக்காக... ஒரு சின்னப் பூட்டு.

அதற்கு அடுத்த வாரம், பெட்பேன் அடுக்கு சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தது. எல்லாவற்றையும் சோதிக்கிற நான், அதன் பின்னால் மட்டும் எட்டிப் பார்க்கவே இல்லை.

சரி, என் மாத்திரை?

நர்ஸ் ஜந்துவிடம் இன்னொரு முறை விரலைக் காட்டினாள். மறுப்பு. இரண்டு பக்கமும் பார்த்தாள். மேசைக்குக் கீழே குனிந்தாள். தகரமூடி திறக்கும் சத்தம்! நாற்பது வருடமானாலும் அந்தச் சத்தம் எனக்கு மறக்குமா? (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.)

“அங்கிள், நீங்க எதையும் பாக்கல... சரியா?”

இந்த முறை கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.