செவ்வாய்க்கிழமைத் தடிமன்

நோர்வேஜியர்கள் கூட்டங்களில் சண்டை பிடிப்பதில்லை. அது நல்ல பழக்கம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். மகள் படித்த பாடசாலையின் நிர்வாகசபையில் இருந்து பார்த்த பிறகு அந்த நினைப்பு எனக்கு அடியோடு விட்டுப்போனது.

அந்தச் சபைக்குள் நான் போனதே ஒரு கூத்து. பெற்றோர் கூட்டத்தில், சபைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நான் மரியாதைக்காக, கேட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே கைதட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், "உமக்கு முதியோர் இல்லத்து வேலை காணாதெண்டு இதுவும் வேணுமே?" என்றார். காணாதுதான் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், சுரங்க ரயில் நிலத்துக்கு மேலே வந்து ஓடுகிற இடம். எங்கள் தொடர்மாடிகளில் மூன்று வாசலுக்கு ஒரு தமிழ்க் குடும்பமாவது இருக்கும். சபையில் ஐந்து பேர். இங்கத்தை வழக்கப்படி தலைவரை ஒரு அரசியல் கட்சி நியமித்திருந்தது. அவர் நகரத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து வருபவர், மெல்லிய குரல்காரர். பாடசாலை அதிபர் அம்மா. ஆசிரியர்களின் சார்பில் ஒருவர். பெற்றோர் பக்கத்தில் நானும், கூட்டம் முழுவதும் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு நோர்வேஜியத் தாயும்.

இலையுதிர் காலத்தில் நடந்த கூட்டத்தில் அதிபர் அம்மா விசயத்தைச் சொன்னார். அடுத்த வருடத்துக்கு நகரசபை தரும் பணம் போதாது. எதையாவது வெட்டத்தான் வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து உதவுகிறவர்களை நிறுத்தலாம். நூலகத்தை மூடலாம். அல்லது நிலக்கீழ் மாடியில் இருக்கும் நீச்சல் தடாகத்தை மூடலாம். தண்ணீரைச் சூடாக்கவும் அந்த இடத்துக்கு வாடகை கட்டவும் போகிற காசு மிச்சம். சொல்லி முடித்துவிட்டு எல்லோருக்கும் வாஃபிள் பரிமாறினார். அதற்குப் பூசுகிற ஸ்ட்ரோபெரி ஜாம் ஒரு கை மாறி மறுகை வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் என்றால் இந்நேரம் இரண்டு கதிரையாவது விழுந்திருக்கும்.

நான் வாஃபிளைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மகள் அப்போது ஏழாம் வகுப்பு, ஆரம்பப் பாடசாலையின் கடைசி வருடம். சிறுவயதில் காதில் ஓயாமல் சீழ் வந்து, டொக்டர் சின்னக் குழாய் வைத்திருந்தார். தண்ணீரில் இறங்கவே கூடாது என்று கட்டளை. குழாயை எடுத்துவிட்டு அந்த வருடம்தான் முதன்முதலாகத் தடாகத்தில் இறங்கினாள். யூன் மாதத்தில் வகுப்போடு ஏரிக்கரைக்குப் போவார்கள், இரண்டு இரண்டு பேராகக் கானோ என்கிற ஒடுக்கமான படகில் ஏறித் துடுப்புப் போடுவார்கள். நீந்தத் தெரிந்த பிள்ளைக்குத்தான் படகு. மகளும் அவளுடைய நோர்வேஜியச் சிநேகிதியும் ஒரே படகில் போவதென்று மூன்றாம் வகுப்பிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேறு வேறு பாடசாலை. மகளுக்கு வேண்டியிருந்தது அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தத் தடாகம். வேறொன்றும் இல்லை.

நீச்சல் பழக்கும் ஆசிரியையைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல பெண். தடாகம் வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை நீச்சல். செவ்வாய்க்கிழமைகளில் தமிழ்ப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தடிமன், மூக்குச் சளி. காலையில் தாய்மார் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வார்கள். புதன்கிழமை எல்லோருக்கும் சுகம்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் கைகளைக் கோர்த்துக்கொண்டு, "நாங்கள் அவர்களுடைய கலாசாரத்தை மதிக்க வேண்டும். பாதிப்பேர் பயன்படுத்தாத ஒரு தடாகத்துக்கு ஏன் இவ்வளவு செலவழிக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்" என்றார். காலுறை பின்னுகிறவர் தலையாட்டினார். அதிபர் அம்மாவும் தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் கலாசாரம்? யார் இவர்களிடம் கலாசாரம் என்று சொன்னது? "கலாசாரம் இல்லை, தலைமயிர்" என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை, விரித்துச் சொன்னேன். இடுப்பளவு தலைமயிர், அதைப் பதினைந்து நிமிடத்துக்குள் துவாயால் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும், பிறகு ஈரத்தலையோடு உறைபனிக்குள் வீட்டுக்கு நடக்க வேண்டும். எந்தத் தமிழ்த் தாய் விடுவாள்? தலையில் நீர் கோர்த்தால் தடிமன், தடிமன் இறங்கினால் நெஞ்சுச் சளி, இதுதான் எங்கள் தாய்மார் படித்த வைத்தியம். இத்தனை வருடத்தில் ஒருவராவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்போம். அவர்கள் கேட்கவில்லை. மதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஆசிரியை மட்டும் சிரித்தாள். அதிபர் அம்மா, டிசம்பரில் முடிவெடுப்போம், அதற்குள் பிள்ளைகள் ஒழுங்காக வந்தால் அதையும் கணக்கில் எடுப்போம் என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கே தொலைபேசியை எடுத்துவிட்டேன். முதலில் அடுத்த வாசலில் இருந்த அக்கா. இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேருக்கும் பின்னல் இடுப்பைத் தாண்டும்.

"ஏனப்பா நீர் இதுக்குள்ளை தலையைக் குடுக்கிறீர்?" என்றார். "நீந்திப் படிச்சு என்ன, அதுகள் நீந்தியே ஊருக்குப் போகப்போகுதுகள்?"

"அக்கா, செவ்வாய்க்கிழமை மட்டும் விடுங்கோ. நான் தலையைக் காயவைச்சு அனுப்புறன்."

"என்னத்தாலை, வாயாலை ஊதியோ?"

"ஹெயர் ட்ரையர் கொண்டு போறன்."

"காய்ச்சல் வந்தால் நீரே வந்து பாரும். நான் வேலைக்குப் போயிடுவன்."

"ஓம் அக்கா, நான் வாறன்" என்றேன். வேறு என்ன சொல்வது. அவரை மட்டுமல்ல, அந்த வாரம் அத்தனை வீட்டையும் இப்படித்தான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். சுற்றிவரக் கடல் உள்ள ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒரு பெண்ணுக்கும் நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது.

முதியோர் இல்லத்தில் கெஞ்சிக் கூத்தாடிச் செவ்வாய்க்கிழமைகளில் மாலை வேலைக்கு மாறினேன். வீடுகளில் இருந்த ஹெயர் ட்ரையர்களைச் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனேன். முதல் நாளே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட, அந்த மாடி முழுக்க மின்சாரம் போய்விட்டது. பாடசாலைப் பராமரிப்பாளர் விளக்கோடு வந்து, ஒரு நேரத்தில் இரண்டுதான் என்று சட்டம் போட்டார். அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். தடாகத்து வடிகட்டியில் எண்ணெயாம். நான் திரும்பவும் தொலைபேசியில் எல்லாத் தாய்மாரையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை இரவு தலைக்கு எண்ணெய் வைக்காதேங்கோ என்று சொன்னேன். அதற்கும் எனக்குத்தான் பேச்சு விழுந்தது.

ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். நான் வரிசையில் இருத்தி, காயவைத்து, பின்னி, தொப்பியைப் போட்டு அனுப்புவேன். மூன்றாவது வாரம் அடுத்த வாசல் அக்காவே லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். "நீர் பின்னுற பின்னல் ஒண்டும் நிக்குதில்லை" என்று என்னைத் தள்ளிவிட்டு அவரே சீப்பை எடுத்தார். அதன்பிறகு மற்றத் தாய்மாரும் முறைவைத்து வந்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

மகள் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குறுக்காகப் போய் வந்தாள். டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகையை விட்டாள். நாலைந்து தரம் கையை வீசியிருப்பாள், பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்தாள். "அம்மா, கண்டனீங்களே?" என்று கேட்டாள். கண்டேன் என்றேன். ஆசிரியை என் பக்கம் வந்து, "ஈஸ்டருக்குள் நீந்துவாள்" என்றாள். அன்று மாலை வேலையில் நான் ஒருவருக்கு இரண்டு தரம் மருந்து கொடுக்கப் போக, சக ஊழியர் தடுத்தார். அவ்வளவு சந்தோசம்.

டிசம்பர்க் கூட்டத்துக்கு நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆசிரியை வந்து, தமிழ்ப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வருகிறார்கள், தாய்மார் வந்து நிற்கிறார்கள் என்று சொன்னாள். அதிபர் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. காலுறை பின்னுகிறவர் ஊசியை வைத்துவிட்டுக் கைதட்டினார். தலைவர் என் பக்கம் திரும்பி, இப்படியான பெற்றோரை இந்த நகரத்தில் வேறெங்கும் தான் கண்டதில்லை என்றார். நான் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தேன், அடுத்து என்ன வருகிறதென்று தெரியாத விசரி.

"இதுதான் டுக்னாட்" என்றார் தலைவர். டுக்னாட் என்றால் எங்கள் சிரமதானம், எல்லோரும் கூடிக் கூலியில்லாமல் செய்கிற வேலை. இந்த நாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லோரும் எழுந்து நிற்காத குறை. "இந்த அளவுக்கு அக்கறையுள்ள பெற்றோர் இருக்கும்போது, நீச்சலைப் பாடசாலைதான் செய்ய வேண்டும் என்று இல்லையே. சனிக்கிழமைகளில் இவர்களே பிள்ளைகளை நகரசபைத் தடாகத்துக்குக் கூட்டிப்போகலாம். பின்தங்கிய பிள்ளைகளின் உதவியாளர்களை அப்படிப் பெற்றோரால் ஈடுசெய்ய முடியாது."

"எங்கள் மகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் கழகத்துக்குத்தான் போகிறான். நன்றாகத்தான் போகிறது" என்றார் காலுறைக்காரர்.

அதிபர் அம்மா, அடுத்த வருடம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் சில தடவை பஸ்ஸில் வெளித் தடாகத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்வோம் என்றார். ஏழாம் வகுப்பு என்று கேட்டேன். அது எப்படியும் பாடசாலையை விட்டுப் போகப்போகிற வகுப்புத்தானே என்றார்.

நான் வாக்கெடுப்புக்காகக் காத்திருந்தேன். கையை உயர்த்த வேண்டும், எதிர்ப்பு என்று எழுதச்சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வசனம் கூடத் தயார். தலைவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "அப்படியென்றால் தடாகத்தை மூடுவதில் எங்களுக்குள் ஒத்த கருத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். அது சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவது பற்றியது.

"எனக்கு ஒத்த கருத்து இல்லை" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எல்லோரும் எனக்கு ஏதோ சுகமில்லாததுபோல என்னை அன்பாகப் பார்த்தார்கள். தாய்மார் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது, சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, பாதிப்பேருக்கு வாரயிறுதியில்தான் வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோபம் வந்தால் என் நோர்வேஜிய மொழி முறிந்து முறிந்துதான் வரும். தலைவர் பொறுமையாகக் கேட்டு, உங்கள் உணர்வு எங்களுக்கு விளங்குகிறது என்றார். கூட்டம் முடிந்தபோது என் உழைப்புக்கு நன்றி சொல்லி ஒரு பூச்சாடி தந்தார்கள். வாங்கினேன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறைபனிக்குள் வீட்டுக்கு நடந்தேன். ஒருத்தராவது கெட்டவராக இருந்திருந்தால் பேசியாவது தீர்த்திருப்பேன்.

ஜனவரியில் பாடசாலைத் தடாகத்துத் தண்ணீரை இறக்கிவிட்டார்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பாமல் பிள்ளைகளை நகரசபைத் தடாகத்துக்கும் கூட்டிப்போய்ப் பார்த்தோம். பழக்க ஒருவரும் இல்லை. பெரிய பொடியன்கள் மேலேயிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மார் நாங்கள் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கரையில் நின்று, ஆழத்துக்குப் போகாதேங்கோ, ஆழத்துக்குப் போகாதேங்கோ என்று கத்தினோம். மிதவைப் பலகை கேட்டால் அது நீச்சல் கழகத்துடையது என்றார்கள். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு ஏறிவிட்டாள். நீச்சல் கழகத்தில் இடம் கேட்டேன், காத்திருக்கச் சொன்னார்கள்.

யூனில் ஏரிக்கரைக்கு உதவிக்கு வரும் பெற்றோரில் ஒருத்தியாக நானும் போனேன். நல்ல வெயில். கானோக்கள் புல்லில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. வகுப்பு ஆசிரியர் உரத்த குரலில், நீந்தத் தெரிந்தவர்கள் வலப்பக்கம், தெரியாதவர்கள் இடப்பக்கம் என்றார். மகளின் சிநேகிதி அவள் கையைப் பிடித்திருந்தாள். ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு விட்டுவிட்டு வலப்பக்கம் போனாள். இடப்பக்கம் நின்ற தலைகளை நான் பார்த்தேன். எல்லாம் கறுத்த தலை. அடுத்த வாசல் அக்காவின் மூத்தவளும் நின்றாள்.

ஆசிரியர் என்னிடம், "நீங்களும் ஒரு படகில் ஏற முடியுமா? பெரியவர் ஒருவர் குறைகிறார்" என்று கேட்டார்.

எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். பரவாயில்லை, அப்படியென்றால் நீங்கள் இவர்களோடு நெருப்பு மூட்டிச் சொசேஜ் சுடுங்கள் என்று இடப்பக்கத்தைக் காட்டினார். நான் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவளுடைய தோளில் கையைப் போட்டேன். அவள் தோளை மெதுவாக விலக்கிக்கொண்டாள்.

"அம்மா, நீங்கள் இதுக்குள்ளை நிக்காதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சிநேகிதி வேறொருத்தியோடு படகைத் தண்ணீருக்கு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் நிண்டால் அவை நினைப்பினம், நீச்சல் எங்கடை ஆக்களுக்கே ஏலாதெண்டு."

நான் கையை எடுத்துக்கொண்டு, விறகு பொறுக்கப் போகிறவள்போல அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போனேன்.