இருபது பேர் கைதட்டிய கேசட்

கேசட்டைப் போட்டதும் முதலில் ஒரு இருமல் கேட்கும். பிறகு எண்ணெய் காய்வது போன்ற இரைச்சல், யாரோ ஒருவரின் சிரிப்பு, அதற்கும் பிறகுதான் கிட்டார்.

அப்போது என் அக்கா சுந்தரி பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, நான் ஒன்பதாம் வகுப்பு. பேர் எழுதாத அந்தக் கேசட்டை அவளுக்குக் கொடுத்தவள் மேலப்பாளையத்துத் தோழி ரஹ்மத். துபாயில் இருந்த அவள் அண்ணன் அனுப்பியது. பின்னாளில் உலகமே கொண்டாடிய ஒரு ராக் இசைக்குழு, பேர் வாங்குவதற்கு முன் ஏதோ சின்னக் கூடத்தில் பாடியபோது பதிவானதாம்.

அப்பா தாலுகா அலுவலகத்தில், வருகிற மனுவையெல்லாம் பொய்யென்றே நினைத்துப் படித்துப் பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குளிக்கப் போயிருந்தபோது டேப் ரிக்கார்டரில் காதை வைத்துக் கேட்டார்.

"சுந்தரி இதக் கச்சேரிங்கா, இருபது பேருகூடக் கைதட்டல. எவனோ நாலு பயலுவ ரூமுக்குள்ள உக்காந்து பதிஞ்சு குடுத்திருக்கானுவ."

பாட்டுக்கு நடுவே ஒரு ஆண்குரல் தணிந்து ஏதோ பேசியது. அப்பா நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் போட்டார்.

"ஏட்டி, நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலதான படிக்கே? இவன் என்ன சொல்லுதான்?"

எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்தக் கேசட்டை அக்கா என்னைத் தொடவிடாத ஆத்திரம் வேறு. "லவ்வுன்னு என்னமோ சொல்லுதாம்ப்பா" என்றேன்.

மறுநாள் அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. "பைய விசாரிச்சுட்டு அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு அப்பா அவள் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்டார். அம்மா தலையணை உறையை உதறிப் பார்த்தாள். அக்கா அழவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவள் தேடுவது தெரிந்ததும் நான் தட்டோடு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பத்தாம் நாள் ரஹ்மத் தன் அம்மாவோடு வந்தாள். பரீட்சைக்குப் பேர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். அப்பா அவளையும் உட்காரவைத்து அதே இடத்தை ஓடவிட்டார். அவள் குனிந்து கேட்டுவிட்டு, சிரிக்காமல் சொன்னாள்: "கதவைச் சாத்துங்க, குளிருதுன்னு சொல்லுதாரு மாமா."

அப்பா என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். "நீயாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மதியமே போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்; படிப்பையும் முடித்தாள். ஆனால் அதுவரை கல்லூரிக் கதையெல்லாம் ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னவள், அதன்பிறகு தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

இப்போது அப்பா இல்லை. கேசட் விற்ற கடைகளும் ஊரில் இல்லை. அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போனில் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம். போன மாதம் அவளுக்கு ஆபரேஷன் நடந்ததை அவள் மகன்தான் எனக்குச் சொன்னான். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்ட்டி, மறந்துட்டேன்" என்றாள்.