கம்பெனி மாறினோம், வயர் மாறவில்லை

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்பு. நாலாம் வகுப்போடு நின்றவன். வாராவாரம் நான் எழுதுவதைத் தட்டச்சு செய்கிறவர்கள் இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நடந்ததை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என் மனைவி ஜெயராணிக்கு நுரையீரல் சரியில்லை. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டில் ஓடுவது.

பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரில், சுனாபட்டியில், எங்கள் பக்கம் கரண்ட் விற்க இரண்டு கம்பெனிகள். சிம் கார்டு மாதிரி, பிடித்ததற்கு மாறிக்கொள்ளலாம். புதிய கம்பெனியில் ரேட் குறைவு என்றார் பக்கத்து வீட்டு செல்வராஜ். எங்கள் சால் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்தே மாறினோம்.

அப்புறம்தான் சங்கடம். பழைய கம்பெனி லைன்மேன் காம்ப்ளே எங்களுக்கு வேண்டியவர். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு மளிகைக் கடையை விட்டு இன்னொன்றுக்கு மாறினால், பழைய கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்றிப் போவோமே... அப்படித்தான் காம்ப்ளேயைக் கண்டால் சந்து மாறி நடந்தேன்.

மே மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம். சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக் கழற்றவில்லை. ஃபேன் நின்றது. மெஷினில் அலாரம் கூவ ஆரம்பித்தது.

சால் முழுக்க கரண்ட் இல்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். அதன் அளவு காட்டும் முள் பாதிக்கும் கீழே! ஆம்புலன்ஸுக்குத் திக்கித் திக்கிச் சொன்னேன். வருகிறதாம்.

வெளியே எல்லோர் காதிலும் போன். எல்லோரும் புதிய கம்பெனிக்கு!

"ஒன்ன அமுக்குனா ரெண்ட அமுக்கச் சொல்லுதான்வே!" என்று செல்வராஜ் கத்தினார். கடைசியில் ஒரு பெண் பேசினாள் – லைன் பழைய கம்பெனியுடையது, அவர்களைக் கூப்பிடுங்கள்.

செல்வராஜ் போனை என் பக்கம் நீட்டினார். "விட்டுட்டு வந்தவன்ட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுப் பேச? நீரு பேசும்வே. ஒம்ம வீட்டுலதான் பலகாரம் தின்னான்."

எனக்குத் தெரியாதவர்களிடம் பேசவே நாக்கு எழாது. தெரிந்தவரிடம், அதுவும் இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு? நம்பரை எடுத்துவிட்டு நின்றேன். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெயராணி மாஸ்க்கைத் தூக்கினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "ஏன் நிக்கிய? நான்... போன பொறவா பேசுவிய?"

அழுத்தினேன். "காம்ப்ளே பாய்... கரண்ட் இல்லை..."

"பாபியோட மெஷின்?" என்றார் அவர். ஜெயராணி அவருக்கு பாபி, அதாவது அண்ணி. வேறு எதுவும் கேட்கவில்லை.

லீவு நாள். லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து குதித்தார். சந்து முனைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஃபியூஸ் கருகிக் கிடந்தது. அவர் கை வேலை செய்தது. வாய் இந்தியில் திட்டியது; நம் பாஷையில் சொன்னால் இப்படி:

"அரே அண்ணா, மாறினது பில்லுதான். வயர் எங்களுது! கரண்ட் போனா நாங்கதான் வரணும். இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தர் கூப்பிடக் கூடாதா? என்னைக் கண்டா சந்து சந்தா ஓடுறீங்க... நான் என்ன போலீஸா?"

செல்வராஜ் தரையைப் பார்த்தார். நானும்தான்.

மெஷின் மறுபடி உறுமியது. ஆம்புலன்ஸ் அப்புறம்தான் வந்தது. அதில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்.

மாறச் சொன்ன எல்லோரும் ரேட்டைச் சொன்னார்கள். கரண்ட் போனால் யாரைக் கூப்பிடுவது என்று யாராவது சொன்னார்களா? நாம்தான் கேட்டோமா?

சாயங்காலம் ஜெயராணிக்கு முகம் தெளிந்தது. என்னையே பார்த்தாள்.

"கம்பெனிய மாத்தினிய, சரி. ஒங்க கூச்சத்த எந்தக் கம்பெனில மாத்துவாவ?"

அதற்குப் பதிலாக இதை எழுதிச் சொல்லும் தைரியமே இன்றைக்குத்தான் வந்தது – ஜூன் பதினைந்து.